வண்டி எந்த ஊருக்கு வரணும்?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்களான உங்களுக்கு, முதல் வாரத்திலேயே அலுத்துப்போகப் போகிற கேள்வி ஒன்று இருக்கிறது. "இப்போ நீங்க எந்த ஸ்டேட்ல இருக்கீங்க?" வீடியோ திறந்ததும் இதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டால் நம் குரல் நமக்கே கேட்காமல் போய்விடும். நோயாளிகளும் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு பதில் சொல்வார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு உங்களில் இரண்டு பேர் ஃபோன் செய்து, அதைத்தான் ஆப்பிலேயே டிக் பண்ணிவிடுகிறார்களே, நாம் எதற்கு மறுபடியும் கேட்க வேண்டும் என்று கேட்டீர்கள். அன்றைக்கு மழுப்பிவிட்டேன். பதில் கொஞ்சம் நீளமானது, ஃபோனில் சொல்லி முடியாது.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மதுரையில் எம்.பி.பி.எஸ். படித்தேன். நியூ ஜெர்சியில் இருபது வருஷத்துக்கு மேல் பொது மருத்துவம் பார்த்தேன். மகள் லிவர்மோரில் வீடு வாங்கி, பேரனுக்கு டேகேர் கிடைக்கவில்லை என்று மூக்கைச் சிந்தியபோது கலிஃபோர்னியாவுக்கு வந்தேன். இங்கே லைசென்ஸ் வாங்கினேன், ஜெர்சி லைசென்ஸையும் விடவில்லை. நோயாளிகளை வீடியோ வழியாகப் பார்த்து எடை குறைக்கும் ஊசிகளை எழுதிக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் கடைசிச் சில வருஷங்கள் வேலை. ஆபீஸ் என்பது மகள் வீட்டு மாடியறை. மேலே டாக்டர் கோட்டு, கீழே நைட்டி. உங்களுக்கும் சீக்கிரம் பழகிவிடும்.

விதி உங்களுக்குத் தெரியும். நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் நம்மிடம் இருக்க வேண்டும். வீடு எங்கே, டிரைவிங் லைசென்ஸ் எங்கே வாங்கியது என்பதெல்லாம் செல்லாது, அந்த நிமிஷம் உடம்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. மருந்து அனுப்பும் பார்மஸிக்கும் அந்தந்த மாநிலத்து அனுமதி வேண்டும். ஒரு இடத்தில் முகம் பார்த்துப் பேசியே ஆக வேண்டும் என்பார்கள், இன்னொரு இடத்தில் வேறு ஏதாவது சொல்வார்கள். ஒருமுறை லேக் டாஹோவுக்கு லீவில் போன என் நோயாளி ஒருவர், ஹோட்டல் அறையிலிருந்து வீடியோவில் வந்தார். ஹோட்டல் நெவாடாவில் இருந்தது. அதே தெருவில் நாலு எட்டு நடந்தால் கலிஃபோர்னியா. நடந்து போய் ஒரு பீட்ஸா கடை வாசலில் நின்று கூப்பிடுங்கள் என்றேன். மனுஷர் பனியில் நடுங்கிக்கொண்டே வந்து நின்று, "இப்ப நான் லீகலா, டாக்டர்?" என்று கேட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது இந்த வேலைக்கென்றே யாரோ சொல்லி வைத்த மாதிரி இருக்கும். நானும் வெகுநாள் அப்படித்தான் அலுத்துக்கொண்டிருந்தேன்.

சுமதி என்னிடம் வந்தது அந்தச் சமயத்தில்தான். அவள் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் வீடு. கணவர் செந்தில், பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தொட்டிருந்தாள். எதற்காக எடை குறைக்க வேண்டும் என்று நான் வழக்கம்போலக் கேட்டேன். எல்லாரும் முட்டி வலி, சுகர், கல்யாண ஆல்பம் என்று ஏதாவது சொல்வார்கள். சுமதி சொன்னது வேறு.

"நான் அழகுக்கு வரலீங்க டாக்டர். எந்தம்பிக்கு ஒரு சாமான் டெலிவரி பண்ணணும். பாக்ஸ் ரொம்பப் பெருசா இருக்குது, சின்னதாக்கிட்டு வாங்கங்கறாங்க."

சாமான் அவளுடைய கிட்னி. தம்பி கார்த்தி டெக்ஸாஸில், டாலஸை ஒட்டிய இர்விங்கில் ஓர் அபார்ட்மெண்ட்டில் தனியாக இருந்தான். இரண்டு சிறுநீரகமும் போய், சிறுநீர் வருவதே நின்று, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அக்காவின் ரத்தமும் திசுவும் பொருந்தின. ஆனால் அங்கேயுள்ள மாற்று அறுவை ஆஸ்பத்திரியில், இந்த எடையோடு உங்களை மேஜையில் படுக்க வைக்க மாட்டோம், இன்னும் இருபத்தைந்து பவுண்டு இறங்கிவிட்டு ஜனவரியில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளூர் டாக்டரிடம் போனால் வாக்கிங் போங்கள் என்கிறாராம். அவள் இரண்டு வருஷமாகக் காலையில் நடந்துகொண்டுதான் இருந்தாள். ஊசி அவளுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. மாதாமாதம் எடை இறங்கியது. அவள் முகம் திரையில் சின்னதாகிக்கொண்டே வந்தது எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பரில் கார்த்தி டயாலிசிஸ் முடிந்து காரோட்டி வரும்போது தலைசுற்றி, ஃப்ரீவே ஓரத்தில் நிறுத்தி அரைமணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறான். அதைக் கேட்டதும் சுமதி மகளைச் செந்திலிடம் விட்டுவிட்டு லேப்டாப்போடு இர்விங்குக்குப் போய்விட்டாள். நியாயமான காரியம். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆப்பில் ஊரை டெக்ஸாஸ் என்று மாற்றிப் பார்த்திருக்கிறாள். உங்கள் டாக்டர் இந்த மாநிலத்தில் இல்லை, புதிய டாக்டருக்கு முதலிலிருந்து பதிவு செய்யுங்கள் என்று வந்திருக்கிறது. புது டாக்டர் எப்போது கிடைப்பார், இதே டோஸைத் தருவாரா, ஜனவரி தள்ளிப்போய்விடுமா என்று பயந்து, மாற்றியதை மறுபடி ஜெர்சி ஆக்கிவிட்டாள். ஐஸ் பொட்டலத்தோடு மருந்து மான்மவுத் ஜங்ஷன் வீட்டுக்கு வரும். அங்கிருந்து டாலஸுக்கு விமானம் ஏறுகிற யாரிடமாவது செந்தில் கொடுத்தனுப்புவார். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் ஊறுகாயும் பருப்புப்பொடியும் மாத்திரையும் வாங்கிப் பழகிய ஜனங்கள் நாம். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பது நமக்கு மூச்சு விடுவது மாதிரி. அமெரிக்காவுக்குள்ளேயே அந்த ஏற்பாட்டை நடத்தினார்கள். ஒவ்வொரு மாதமும் என் கேள்விக்கு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஜெர்சிதாங்க என்று பதில் வந்தது.

தீபாவளி முடிந்த வாரம். எனக்கு மதியம் இரண்டரை. ஜெர்சிக் கணக்கில் மாலை ஐந்தரை. சுமதி வீடியோவில் வந்ததும் எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. பேசும்போது நாக்கு ஒட்டி ஒட்டி வந்தது. அவளோ உற்சாகமாக, எடை நன்றாக இறங்குகிறது, அடுத்த மாதம் டோஸை ஏற்றிவிடலாமா என்று கேட்டாள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றேன்.

கந்த சஷ்டி விரதமாம். அதிலும் மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, அப்படியே ஆறாம் நாள் சூரசம்ஹாரம் வரைக்கும். கூடக் கொஞ்சம் தண்ணீர். தம்பிக்காக நேர்ந்துகொண்டிருக்கிறாள். அன்றைக்கு ஐந்தாம் நாள்.

"பசியே தெரியலீங்க டாக்டர். போன வருசமெல்லாம் மூணாம் நாளே துவண்டு போயிருவேன். இந்தத் தடவை முருகன் அருள்."

"அது முருகன் அருள் இல்லம்மா. நான் எழுதிக் குடுத்த ஊசி."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துருவித் துருவிக் கேட்டபோது மற்றதும் வந்தது. விரதம் தொடங்கிய பிறகும் வாராந்திர ஊசியைத் தவறாமல் போட்டிருக்கிறாள். நேற்றிலிருந்து குடித்த தண்ணீர்கூட வாந்தியில் போய்விடுகிறது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. இதையெல்லாம் விரதத்தின் பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நம் கேள்வித்தாளில் மது உண்டா, புகை உண்டா என்று கேட்கிறோம், விரதம் உண்டா என்று எங்கேயும் இல்லை. நீங்கள் வாயால் கேளுங்கள். சனிக்கிழமை, கிருத்திகை, ஏகாதசி, சபரிமலை, ரம்ஜான், எல்லாவற்றையும் கேளுங்கள்.

உடம்பில் நீர் வற்றினால் முதலில் அடி வாங்குகிற உறுப்புகளில் சிறுநீரகம் ஒன்று என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தம்பிக்குக் கொடுப்பதற்காகப் பாதுகாத்து வைத்திருந்ததை அந்தத் தம்பிக்காகவே அவள் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நாள் போனால் கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சுமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். செந்தில் ஆபீஸிலிருந்து வந்ததும் போகிறேன் என்றாள். அப்போதுதான் அவள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தேன். மஞ்சளாகச் சாய்ந்த ஒரு வெயில் பட்டை. நவம்பர் மாதம் ஜெர்சியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்த பிறகு ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்த இருட்டில் இருபது வருஷம் வேலை முடிந்து காரோட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் நான். ஐந்தரை மணிக்கு அங்கே வெயில் அடிக்க வழியே இல்லை.

எங்கே இருக்கிறீர்கள் என்று மறுபடி கேட்டேன். ஜெர்சிதாங்க என்றாள். சுவரில் என்ன வெளிச்சம் என்றேன். லைட்டுங்க என்று சொல்லிவிட்டு, இருங்க தண்ணி குடிச்சுட்டு வர்றேன் என்று எழுந்தாள். அடுத்த நிமிஷம் ஃபோன் கீழே விழுந்தது. திரையில் ஒரு கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். கொஞ்சம் கழித்து எங்கோ தரையிலிருந்து, "ஒண்ணுமில்லீங்க, உக்காந்துட்டேன்" என்று மெல்லிய குரல் வந்தது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். லிவர்மோரில் உட்கார்ந்து நான் 911 அடித்தால் லிவர்மோர் ஆம்புலன்ஸ் வண்டிதான் வரும். அதற்காகத்தான் கம்பெனியில் அவசர உதவி மேசை இருக்கிறது, அவர்கள் நோயாளியின் ஊரில் வண்டியைப் பிடித்துக்கொடுப்பார்கள். இன்னொரு ஃபோனில் அவர்களைக் கூப்பிட்டேன். எதிரே பேசிய பையன் ரொம்ப மரியாதையாக, ஃபைலில் இருக்கும் மான்மவுத் ஜங்ஷன் விலாசத்துக்கு அனுப்பிவிடுகிறேன் டாக்டர், நோயாளி இன்றைக்கும் ஜெர்சி என்றுதான் செக்-இன் செய்திருக்கிறார் என்றான். அவன் மேல் தப்பில்லை. நான் சரி என்று சொல்லியிருந்தால் எல்லாமே விதிப்படி நடந்திருக்கும். வண்டி போய் அவள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டியிருக்கும். அவளோ ஆயிரம் மைலுக்கு அப்பால் தரையில் கிடந்திருப்பாள். கொஞ்சம் பொறு என்றேன் அவனிடம்.

"சுமதி, நிஜமா எங்க இருக்கீங்க?"

"ஜெர்சிதாங்க டாக்டர்." தரையில் விழுந்து கிடக்கும்போதும் அதேதான்.

கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அதைவிட அதிகமாகப் பயம். யாரும் இந்த நேரத்தில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. "மருந்து நிக்காதும்மா, நான் பாத்துக்கறேன், ஊரை மட்டும் சொல்லுங்க" என்று தேன் தடவிக் கேட்கலாம். சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது நிறைவேற்ற முடியாத வாக்கு. அவள் நம்பாமலும் போகலாம், மயக்கத்திலும் மனிதர்களுக்கு அந்தச் சூட்சுமம் இருக்கும். அவள் எதைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று யோசித்தேன். ஊசியை. ஊசி கையில் இருக்கும் வரைக்கும் பொய்யும் இருக்கும்.

"சுமதி, நல்லாக் கேளுங்க. உங்க மருந்தை நான் நிறுத்திட்டேன். நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் இனிமே என்கிட்ட இருந்து கிடைக்காது. அது முடிஞ்சு போச்சு. பொய் சொல்லிக் காப்பாத்த இனி ஒண்ணும் மிச்சமில்ல. வண்டி எந்த ஊருக்கு வரணும்?"

திரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அழுகிற சத்தம் கேட்டது. கண்ணீர் வருகிற அளவுக்கு உடம்பில் தண்ணீர் இருக்காது, வெறும் விசும்பல். அதற்குப் பிறகு, "இர்விங்குங்க" என்றாள். அபார்ட்மெண்ட் பெயர், கட்டட எண், வீட்டு எண், எல்லாம் வரிசையாகச் சொன்னாள். டெஸ்டிங் வேலை பார்க்கிறவள் இல்லையா, ஒன்றைக்கூட விடவில்லை. கார்த்தி டயாலிசிஸுக்குப் போயிருந்தான். வீட்டில் அவள் தனி.

கதவு உள்ளே தாழிட்டிருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எழுந்திருக்கக் கூடாது, தவழ்ந்து போய்த் திறங்கள் என்றேன். ஃபோன் அங்கேயே கிடந்தது. அவள் நகர்வது சுத்தமாகத் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் தாழ்ப்பாள் திறந்த சத்தம் கேட்டது. வண்டி வரும் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தேன். மகள் என்ன வகுப்பு, உடுமலையில் எந்தத் தெரு, எதையாவது. கதவைத் திறந்துகொண்டு பூட்ஸ் சத்தத்தோடு ஆட்கள் வந்ததும் நான் யாரென்று சொல்லி, ஊசியையும் விரதத்தையும் கிட்னி தானத்தையும் சொன்னேன். அவர்களில் ஒருவர் மிளகு என்பதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

நான் செய்தது டெக்ஸாஸில் மருத்துவம் பார்த்ததாகுமா என்று உங்களில் சட்டம் படித்தவர்களுக்குக் கேள்வி வரும். விழுந்தவருக்கு வண்டி கூப்பிட யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம். அன்றைய குறிப்பில் நோயாளி டெக்ஸாஸில் இருந்தார், முந்தைய மாதங்களிலும் இருந்திருக்கக்கூடும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஜெர்சி என்றே இருக்கட்டுமே மேடம், நோயாளி சொன்னது அதுதானே, எதற்கு வம்பு என்று மேலிடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. இல்லை, இருக்கட்டும் என்றேன். இரண்டு கூட்டத்தில் என்னை உட்கார வைத்து விசாரித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது அவளுடைய சிறுநீரகக் கணக்கு மோசமாகத்தான் வந்தது. சலைன் ஏற்றினார்கள். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாயால் ஜூஸ் குடிக்கச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டாள். இன்னும் ஒரு நாள் பாக்கியிருக்கிறது, விரதம் முறிந்தால் தம்பிக்கு ஆகாது என்று. மறுநாள் காலை விமானத்தில் போய் இறங்கிய செந்தில், செய்வதறியாமல் எனக்கு ஃபோன் செய்தார். நேர்த்திக்கடனை உடனே முடிக்க முடியாதபோது உங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். மனுஷருக்குச் சட்டென்று பிடிபட்டது. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தால் சாமி பொறுத்துக்கொள்ளும். கார்த்தி வீட்டுச் சமையலறையிலிருந்து மஞ்சள்பொடி எடுத்துக் கைக்குட்டையில் தேய்த்து, ஒரு குவார்ட்டர் நாணயத்தை முடிந்து அவள் தலைமாட்டில் வைத்தார்கள். ஆப்பிள் ஜூஸ் உள்ளே போனது. மஞ்சள் துணிக்கு எந்த மாநிலத்திலும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

சிறுநீரகம் மெல்ல மெல்லத் தேறியது. ஆனால் ஜனவரி போய்விட்டது. மாற்று அறுவைக் குழு, கணக்கெல்லாம் பழைய நிலைக்கு வந்து சில மாதம் அப்படியே நிலைத்திருந்தால்தான் மறுபடி யோசிப்போம் என்றது. கார்த்தி தன் பங்குக்கு ஒரு குண்டைப் போட்டான். உன் கிட்னி எனக்கு வேண்டாம் அக்கா, காத்திருப்போர் வரிசையில் எத்தனை வருஷமானாலும் நின்றுகொள்கிறேன் என்றான். அதற்குச் சுமதி சொன்ன பதிலைச் செந்தில் என்னிடம் சொன்னார். "உன்ற சம்மதத்தை யாரும் கேக்கல, பேசாம இரு."

என் மேல் அவளுக்கு ஆத்திரம். இருக்காதா பின்னே? ஆஸ்பத்திரியிலிருந்து கார்த்தி வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டு, நீங்க அன்னைக்கு ஒரு மாசம் கண்ணை மூடியிருந்தா ஜனவரில முடிஞ்சிருக்கும் என்றாள். நான் வாதாடவில்லை. டெக்ஸாஸ் லைசென்ஸ் வைத்திருந்த சக டாக்டர் ஒருத்தி எங்கள் கம்பெனியில் இருந்தாள். ஹூஸ்டன்காரி, என்னைவிட வெகு இளையவள், யாருக்கும் வளையாதவள். சுமதியை முறைப்படி அவளிடம் ஒப்படைத்தேன். அவள் எடுத்த எடுப்பில், சிறுநீரக டாக்டர் சரி என்று எழுதித் தரும் வரை ஊசியே கிடையாது, பிறகும் அடி டோஸிலிருந்துதான் என்றுவிட்டாள்.

அதன் பிறகு சுமதி எனக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் செய்தாள். நீங்க சீனியர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க கேப்பாங்க, நடுவுலருந்து தொடங்கச் சொல்லுங்க என்றாள். டயாலிசிஸுக்கு ஊசி குத்துகிற ரத்தக்குழாயில் தம்பிக்கு அடைப்பு வந்துவிட்டது, கையில் இன்னொரு இடத்தில் குத்துகிறார்கள் என்று சொல்லி அழுதாள். உங்களுக்கு இந்த ஃபோன்கள் வரும். எமர்ஜென்சி நிமிஷத்தில் எல்லாரும் உறுதியாக இருந்துவிடுவோம். அடுத்த நான்கைந்து மாதம் உறுதியாக இருப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு முறையும் நான் சொன்னது ஒன்றேதான்: "அவங்க சொல்றதுதாம்மா சரி. நான் உங்க டாக்டர் இல்ல. ஆனா ஃபோன் பண்ணுங்க, எடுப்பேன்." எடுத்தேன். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன சமைத்தாள், எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தாள் என்று பேசினோம்.

நடுவில் எனக்கும் வீம்பு வந்தது. ஓய்வு பெறுகிற வயதில் டெக்ஸாஸ் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன். அந்த மாநிலத்துச் சட்டப் பரீட்சை வேறு எழுத வேண்டும். மகள், "அம்மா, யு ஆர் ரிட்டயரிங்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். படித்து எழுதிப் பாஸ் செய்தேன். இனி ஒரு சுமதி அந்த ஊரிலிருந்து என் திரையில் விழுந்தால், மருந்து இல்லை என்று சொல்லும் உரிமையாவது எனக்கு இருக்கட்டும் என்று தோன்றியது.

சுமதி விடவில்லை. அதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். விலாசத்தை முறைப்படி இர்விங்குக்கு மாற்றினாள். கோடை வெயில் ஏறுவதற்கு முன்னால் விடியற்காலையில் லாஸ் கோலினாஸ் கால்வாய் ஓரம் நடந்தாள். தம்பியை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விட்டு, காரில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். அடி டோஸிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறினாள். சஷ்டி, கிருத்திகை எது வந்தாலும் தண்ணீர் பாட்டிலோடுதான் கோயிலுக்குப் போனாள். ஹூஸ்டன்காரி அவளை ஒரு நாளும் பாராட்டவில்லையாம், ஆனால் ஒரு சந்திப்பைக்கூடத் தள்ளி வைக்கவும் இல்லையாம். ஆஸ்பத்திரி கேட்ட எடைக்கு இரண்டு பவுண்டு கீழேயே போய் நின்றாள். சிறுநீரகக் கணக்கு ஒவ்வொரு முறையும் சுத்தமாக வந்தது. கார்த்தி கடைசி வரைக்கும் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு அக்கா மடியில் தலையை வைத்து அழுதானாம்.

ஆபரேஷன் அன்று நான் வேலையிலிருந்து நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையிலிருந்து ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பேரனுக்குத் தோசை வார்த்தேன், இரண்டைக் கருக்கினேன். மதியம் தாண்டிச் செந்தில் கூப்பிட்டார். இரண்டு பேரும் நல்லபடியாக வெளியே வந்துவிட்டார்கள் என்றார். சுமதிக்கு நினைவு வந்ததா, என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"கண்ணு முழிச்சாங்க டாக்டர். நர்ஸ் வந்து, வலி எவ்வளவு, ஒண்ணுலருந்து பத்துக்குள்ள சொல்லுங்கன்னு கேட்டாங்க. அதுக்குப் பதிலே சொல்லல. என்னைப் பாத்து, கார்த்திக்கு ஒண்ணுக்குப் போச்சுங்களான்னு கேட்டா. மேஜையிலயே போயிருச்சும்மா, பை ரொம்பி வேற பை மாத்தியாச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தாங்க, வலிக்குதுன்னே சொன்னா."